முதல் நாலு வாரம் விபத்தைப் பற்றிப் பேசவே இல்லை

மனநல சிகிச்சைக்குப் போவதை நான் இரண்டு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டதற்கு ஒரே காரணம்தான். உள்ளே போய் உட்கார்ந்ததும் "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்பார்கள், நான் மறுபடியும் அந்தக் காருக்குள் போய் உட்கார வேண்டியிருக்கும் என்று பயந்தேன். கடைசியில் சரியான ஆளிடம் போனபோது, முதல் நாலு வாரம் அதை யாரும் கேட்கவே இல்லை. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் 2022-லேயே போயிருப்பேன். இதே பயத்தோடு யாராவது வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம், விழுப்புரம் பக்கம் ஒரு காதுகுத்து. கண் பரிசோதனைக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்த மாமாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, திருமுல்லைவாயிலில் இருந்து ராத்திரி இரண்டரைக்குக் கிளம்பினேன். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மேல்மருவத்தூர் வந்தபோது "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்டா" என்றார். "திண்டிவனத்துல குடிச்சிக்கலாம் மாமா" என்றேன். அச்சரப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், விளக்கு எதுவும் போடாமல் ரோட்டில் பாதி ஏறி நின்றிருந்த லாரியின் பின்னால் காரின் இடது பக்கம் மோதியது. கடைசி நொடியில் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்திருக்கிறேன். அப்போது கை பட்டோ என்னவோ இண்டிகேட்டர் விழுந்துவிட்டது. எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு அது மட்டும் டிக், டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. 108 வரும்வரை அடித்தது.

எனக்குக் காறை எலும்பும் மூன்று விலா எலும்பும் முறிந்தன. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு. முன்சீட்டில் இருந்த மாமா அங்கேயே போய்விட்டார்.

விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான், 2021 டிசம்பர் 18 அன்று, அதே மேல்மருவத்தூரில் தொடங்கியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் முதல் சிகிச்சை அதில்தான் நடந்தது. அதற்கு என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

அதன் பிறகு நான் வண்டி ஓட்டவில்லை. அம்பத்தூரில் வேலை, எலக்ட்ரிக் ட்ரெயினில் போய்வந்தேன். பஸ்ஸில் முன்பக்கம் உட்கார மாட்டேன். குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். பையன் விளையாட்டாகப் பின்னால் வந்து தொட்டால்கூடக் கத்திவிடுவேன். அவனுக்கு அப்போது ஐந்து வயது. தினமும் நாலு, நாலரைக்கு முழிப்பு வரும். கனவில் மாமா என்னைத் திரும்பிப் பார்த்து "டேய்" என்று கத்துவார். விழித்தால் பனியன் நனைந்திருக்கும்.

நெஞ்சு படபடப்புக்கு முதலில் போனது இருதய டாக்டரிடம். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு "ஹார்ட் நல்லா இருக்கு, டென்ஷன்தான்" என்றார். அம்மா மந்திரித்துத் தாயத்துக் கட்டினார், வெள்ளிக்கிழமை தோறும் மிளகாய் சுற்றிப் போட்டார். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். தம்பியைப் பறிகொடுத்த அம்மா, என்னை உட்கார வைத்துச் சுற்றிப் போட்ட அந்தப் பத்து நிமிஷம் உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. ஆனால் கனவு நிற்கவில்லை.

ஒரே காரில் இருந்த அம்மா ஆறு மாதத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் ஆகலையேடா, உனக்கு மட்டும் ஏன்?" என்று வெகுளியாகக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தூக்கம் கெடுவதும் அதே நினைவு வருவதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகத் தணிந்துவிடும். சிலருக்குத் தணிவதில்லை. அவர்களுக்குத்தான் சிகிச்சை வேண்டும். அதில் மனதைரியக் குறைச்சல் எதுவும் இல்லை. ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் வேலையையும் வீட்டையும் பாதித்தால் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

2023 டிசம்பரில் ஒருவழியாக ஒரு கவுன்சிலரிடம் போனேன். அங்கே நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே "எல்லாத்தையும் கொட்டிடுங்க, பாரம் குறையும்" என்றார். ஒரு மணி நேரம் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில் "நடந்ததை மறந்துடுங்க, பாசிட்டிவா இருங்க, யோகா பண்ணுங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ரயில்வே ஸ்டேஷன் ஓரமாக நின்று வாந்தி எடுத்தேன். மூன்று ராத்திரி தூக்கம் இல்லை. சிகிச்சை என்றால் இதுதான் என்று நினைத்து, அடுத்த எட்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. மனக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கப் பயிற்சி எடுக்காதவர். கையில் ஒன்றும் கொடுக்காமல், காலூன்ற இடமும் காட்டாமல் ஒருவரை அந்த நினைவுக்குள் இறக்கினால் மூழ்கத்தான் செய்வார். விபத்தோ பேரிடரோ நடந்த கையோடு ஆட்களைக் கூப்பிட்டு விவரமாகச் சொல்லவைப்பது பலன் தராது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது.

2024 ஆகஸ்டில் என் மனைவிதான் 14416-க்கு போன் செய்தாள். டெலி மானஸ் என்கிற அரசு இலவச எண். 2022 அக்டோபரில் இருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எடுத்த பெண் என்னிடமும் பேசினார். "என்ன நடந்ததுன்னு இப்போ சொல்ல வேண்டாம் சார். தூக்கம் எப்படி இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்த நாளில் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டு போனோம். அங்கே பார்த்த டாக்டர் இது பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தணியாமல் நின்றுவிடும் மனப் பாதிப்பு என்றார். மாத்திரை எழுதினார், கூடவே இதற்கென்று பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்.

யார் யார் என்பதில் எனக்கு அதுவரை குழப்பம் இருந்தது. சைக்யாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவமும் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருவார். அவர் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நான் போனிலேயே கேட்டேன், உடனே சொன்னார்கள். இன்னும் இரண்டு கேள்வியும் கேட்டேன். விபத்தில் மாட்டியவர்களுக்கு சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா, என்ன முறையில் செய்வீர்கள்? பதில் தெளிவாக வந்தது. "எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு இடத்தையும் விசாரித்துவிடுங்கள்.

இப்போது அந்த சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் முதல் நாள். சனிக்கிழமை காலை 11 மணி. சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, சுவரில் கடிகாரம். உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே உள்ளங்கை வியர்க்க ஆரம்பித்தது. மேடம் ஏதோ கேட்கிறார், எனக்குக் காதில் விழவில்லை. கடிகாரம் டிக், டிக் என்று அடிக்கிறது. "என்ன ஆச்சு சார்?" என்றார். வாய் திறக்க முடியாமல் சுவரைக் காட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, பின்னால் இருந்த பேட்டரியை எடுத்து மேஜை டிராயரில் போட்டார். வெறும் கடிகாரத்தைத் திரும்ப மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். "இங்க உங்களுக்கு எது தொந்தரவா இருந்தாலும் சொல்லலாம். கையைத் தூக்கினாலே போதும், நிறுத்திடுவேன்" என்றார். அந்த அறையில் நான் நம்பிக்கை வைத்தது அந்த நிமிஷத்தில்தான்.

முதல் சந்திப்பில் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டில் யார் யார், குடிப்பழக்கம் உண்டா, வேறு நோய் உண்டா. நடுவில், குரலை மாற்றாமல், "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" என்று நேராகக் கேட்டார். எனக்குத் திக்கென்றது. ஆனால் அதை இவ்வளவு இயல்பாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான், அதனால் உண்மையைச் சொல்ல முடிந்தது. உங்களிடமும் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

நான் பேசுவது வெளியே போகாது என்றார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அந்த உரிமை இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தாலோ மட்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அந்த விலக்கையும் முதலிலேயே சொல்லிவிட்டார். கடைசியில் 20 கேள்விகள் உள்ள ஒரு தாள். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எவ்வளவு இருந்தது என்று 0 முதல் 4 வரை போட வேண்டும். எனக்கு 80-க்கு 56 வந்தது. என்னைப் போலவே எத்தனையோ பேருக்கு இருந்ததால்தானே இந்தக் கேள்விகளை அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று அந்தத் தாளைப் பார்த்ததும் தோன்றியது.

அடுத்த மூன்று வாரமும் விபத்து பற்றிப் பேச்சில்லை. உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்று விளக்கினார். "உங்க வீட்டு மெயின் பாக்ஸ்ல ட்ரிப்பர் இருக்குல்ல? ஷாக் அடிச்சா விழணும், அதுதான் அதோட வேலை. உங்களுது கெட்டுப் போகலை. ஆனா இப்போ மிக்ஸி போட்டாலே விழுது." குக்கர் விசிலுக்கும் கடிகாரத்துக்கும் நான் ஏன் துள்ளுகிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் காலூன்றும் பயிற்சி. மனசு அந்த ரோட்டுக்கு ஓடும்போது உடம்பை வைத்து அதை இங்கே இழுத்துவருவது. கண்ணில் படும் ஐந்து பொருள், காதில் விழும் நாலு சத்தம் என்று எண்ணும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது சரிப்படவில்லை, சத்தத்தை எண்ணப் போனாலே பதற்றம் கூடியது. அதனால் மாற்றிக்கொண்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் அழுத்தி, குதிகாலில் இருந்து கட்டைவிரல் வரைக்கும் தரை சில்லென்று இருப்பதைக் கவனிப்பது. சட்டைப்பையில் ஒரு கோடாலித் தைலம், மூடியைத் திறந்து ஒரு முறை முகர்வது. அந்த வாசனைக்கும் காருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, உடனே இங்கே வந்துவிடுவேன். உங்களுக்கு வேறு எதுவாகவோ இருக்கும். சொல்லிக்கொடுத்தது பலிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்தது செர்ட்ராலின். முதல் வாரம் வயிறு சரியில்லை, வேறொன்றும் தெரியவில்லை. பலன் தெரிய ஒரு மாதம் ஆனது. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டு ஆரம்பித்தால் கொஞ்சம் சரியானதும் நாமே நிறுத்திவிடக் கூடாது, டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் ஒரு பட்டியல் போட்டோம். நான் தவிர்க்கிற ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மார்க். நிறுத்திவைத்த காரில் உட்கார்வது 30. இண்டிகேட்டர் சத்தம் 70. பஸ்ஸில் முன்சீட் 60. அச்சரப்பாக்கம் ரோடு 90. அத்தை வீடு 100.

மேடம் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோட்டை விட அத்தை வீடு அதிகமா இருக்கே?" என்றார். மாமாவின் கருமாதிக்குக் கையில் கட்டோடு போனவன், அத்தை முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தவன். அதற்கப்புறம் போகவே இல்லை. அம்மா போனில் பேசும்போது அத்தை குரல் கேட்டால் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

சின்ன மார்க்கில் இருந்து ஆரம்பித்தோம். பக்கத்து வீட்டுக்காரரின் காரில், இன்ஜின் போடாமல், தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். முதல் நாள் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடத் தோன்றியது. இறங்காமல் இருந்தால் பயம் ஏறி, ஒரு கட்டத்தில் தானாக இறங்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். இருபதாவது நிமிஷம் பயம் இறங்கியது. அதை உடம்பால் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மனசு கொஞ்சம் கொஞ்சமாக நம்பும்.

விபத்தைச் சொல்ல ஆரம்பித்தது ஆறாவது சந்திப்பில். அதற்குள் கால் ஊன்றக் கற்றிருந்தேன், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்திருந்தது. சந்திப்பு ஒன்றரை மணி நேரமாக நீண்டது. கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். "மேல்மருவத்தூர் வருது. மாமா டீ கேக்கறார்." முடித்ததும் மறுபடியும் முதலில் இருந்து. அதை போனில் பதிவு செய்து தினமும் வீட்டில் ஒரு தடவை கேட்க வேண்டும். என் குரலை நானே கேட்பது முதல் வாரம் தாங்க முடியாததாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் ஒன்று நடக்கலாம், அதைத் தெரிந்துகொண்டு போங்கள். நிலைமை தேறுவதற்கு முன்னால் சிலருக்குக் கொஞ்சம் மோசமாகும். எனக்கு இரண்டு வாரம் கனவு அதிகமானது, எரிச்சல் அதிகமானது. மேடம் இதை முன்னாலேயே சொல்லியிருந்தும், எட்டாவது வாரம் "ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போகவில்லை. பதில் வந்தது: "பரவாயில்லை சார். காரணம் வேலைதானான்னு மட்டும் ஒரு தடவை யோசிங்க. அடுத்த சனிக்கிழமை உங்க நேரம் அப்படியே இருக்கு." அடுத்த சனிக்கிழமை போனேன். போகாமல் விட்டிருந்தால் பாதி பிரித்த கட்டோடு இருந்திருப்பேன். ஆனால் மோசமாவது வாரக்கணக்கில் நீண்டால், உயிரை விடும் எண்ணம் வந்தால், பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்கள்.

அன்றைய தினத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு நான் பட்டுக் கற்றது இது. முடித்து வெளியே வந்தால் காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி இருக்கும். அன்றைக்கு வேறு வேலை வைக்காதீர்கள், தனியாக வண்டி ஓட்டி வராதீர்கள். என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். "என்ன பேசினீங்க?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து ரசம் சாதம், தூக்கம், அவ்வளவுதான். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த வாரம் வீடியோவில் பேசிப் பார்த்தோம். பக்கத்து அறையில் பையன் இருக்கும்போது அந்தக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குக் கதையை விட்டுவிட்டு, வாரம் எப்படிப் போனது என்று மட்டும் பேசினோம். ஆன்லைனில் செய்பவர்கள் கதவு சாத்திய ஓர் அறைக்கும், முடிந்ததும் அரை மணி நேரத் தனிமைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நாலாவது தடவை சொல்லும்போது ஒன்று நடந்தது. "மாமா என்ன செய்யறார்?" என்று மேடம் கேட்டார். கனவில் வருகிறபடி, என்னைப் பார்த்துக் கத்துகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இடத்தை மெதுவாகக் கடந்தபோது அப்படி இல்லை. அச்சரப்பாக்கம் வரும்போதே மாமா தூங்கிவிட்டிருந்தார். வெள்ளைத் துண்டைச் சுருட்டிக் கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவில் வைத்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் அதைப் பார்த்து ஏசியைக் குறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, கத்தவும் இல்லை. இரண்டரை வருஷம் கனவில் பார்த்த முகம் நடந்ததே இல்லை. அன்றைக்குத்தான் அந்த அறையில் முதல்முறையாக அழுதேன், நிறைய நேரம் அழுதேன். மேடம் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

டீ விஷயத்தைப் பேச இரண்டு சந்திப்பு ஆனது. "நிறுத்தியிருந்தா மாமா இருந்திருப்பார்" என்பதை ஒரு தாளில் எழுதச் சொன்னார். மேல்மருவத்தூரில் அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தவற்றைக் கீழே எழுதச் சொன்னார். தூக்கக் கலக்கம் இல்லை, ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தேன். முகூர்த்தம் ஆறு மணிக்கு. ரோடு காலி. "லாரி நிக்கிறது?" என்றார். தெரியாது. "அன்னிக்கு வண்டி ஓட்டினவருக்கு லாரி தெரியாது. இன்னிக்கு இங்க உக்காந்திருக்கிறவருக்குத்தான் தெரியும்." வேகத்தைப் பற்றியும் பேசினோம். 90-ல் போனேன். அந்த இருட்டுக்கு அது அதிகம். அதை இல்லை என்று அவர் ஆக்கித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் பங்கு எவ்வளவோ அவ்வளவை வைத்துக்கொண்டேன், விளக்கு போடாமல் லாரியை நிறுத்தியவரின் பங்கை அவரிடம் விட்டேன்.

பதினோராவது வாரம் டிராயரைத் திறந்து பேட்டரியை நானே எடுத்துக் கடிகாரத்தில் போட்டேன். ஐந்து நிமிஷம் 70, அப்புறம் 50, பேச்சில் மறந்தே போனது.

மொத்தம் 16 சந்திப்பு. ஒன்றுக்கு 1,500 ரூபாய், ஆக 24,000. எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. மனநல சிகிச்சையையும் மற்ற நோய்கள் போலவே காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் என் பாலிசியில் மருத்துவமனையில் சேர்ந்து தங்காமல் எடுக்கும் சிகிச்சைக்கே பணம் கிடையாது, அதனால் இதற்கும் கிடைக்கவில்லை. உங்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள். பணம் இல்லை என்றால் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் போங்கள். முடிவில் அதே 20 கேள்வித் தாளில் எனக்கு 19 வந்தது.

எனக்கு நடந்தது ஒரே ஒரு விபத்து. சின்ன வயதில் வருஷக்கணக்காக அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்தவர்களுக்குச் சிகிச்சை இன்னும் மெதுவாக, நீண்டதாக இருக்கும். வீட்டில் இன்னும் அடி விழுந்துகொண்டிருந்தால் முதல் வேலை பாதுகாப்பான இடம், கதை அப்புறம்தான். சொல்லிச் சொல்லிக் கடக்கும் இந்த முறை ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. கண்ணை இடமும் வலமுமாக அசைத்தபடி நினைவைக் கடக்கும் இ.எம்.டி.ஆர். என்ற முறை 1980-களின் கடைசியில் வந்தது. அதையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்திருக்கிறது. அதில் விவரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் சொல்வது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். "காசு குடுத்துப் பேசணுமா, என்கிட்ட பேசு" என்று அம்மா சொன்னார். சொந்தக்காரர் ஒருவர் "கீழ்ப்பாக்கம் கேஸா?" என்றார். 1794-இல் இருந்து எத்தனையோ குடும்பங்களின் கஷ்டத்தைத் தாங்கிவரும் ஒரு மருத்துவமனையின் பெயரை நாம் வசவாக வைத்திருப்பது எனக்கு இப்போது மிகவும் வலிக்கிறது. அம்மாவிடம் "தோள்பட்டைக்கு பிசியோ போனேன்ல, அது மாதிரிம்மா இது" என்றேன். அது அவருக்குப் புரிந்தது. அடுத்த சனிக்கிழமை காலை, கிளம்பும்போது டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார்.

பட்டியலில் கடைசி வரி 2025 பிப்ரவரியில். கிளாம்பாக்கத்தில் பகல் பஸ் ஏறினேன், இடது பக்க ஜன்னல் ஓரம். அம்மா பக்கத்தில். அச்சரப்பாக்கம் மலை தெரிந்ததும் செருப்பைக் கழற்றிக் காலை ஊன்றிக்கொண்டேன். அந்த இடம் வந்தது, போனது. 90 என்று எழுதியிருந்தது 55 வரை ஏறி, திண்டிவனத்தில் இறங்கியது.

அத்தை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாப்பா" என்று எழுந்து தண்ணீர் கொண்டுவந்தார். நானும் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா உள்ளே போன பிறகு, கையில் இருந்த காம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த நேரத்துல அவரு ஏதாவது சொன்னாராப்பா? வலிச்சிருக்குமா? யாரைக் கேக்கறதுன்னே தெரியல. என் முன்னாடி அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

இதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அம்மாவும் அப்போது தூங்கிக்கொண்டுதானே இருந்தார்.

"இல்ல அத்தை. தூங்கிட்டு இருந்தாரு. அச்சரப்பாக்கத்துலயே தூங்கிட்டாரு. துண்டைச் சுருட்டித் தலைக்கு வச்சிக்கிட்டு, கண்ணாடிப் பக்கமா சாஞ்சி தூங்கிட்டு இருந்தாரு."

அத்தை கீரையை மடியில் வைத்தார்.

"பஸ்ஸுல போனாலும் அப்படித்தான் தூங்குவாரு" என்றார்.